கடைமடைக்காரியின் உஸ்பெக் நாட்குறிப்பு

செப்டம்பர் 19, தாஷ்கண்ட்

சுற்றுலாக் குழுவில் பதினான்கு பேர். ஆறு பேர் சைவம், இரண்டு பேர் ‘முட்டை மட்டும்’ ரகம். கூடவே தமிழ்ச் சமையல்காரர் வருவார் என்று பணம் வாங்கும்போது சொன்னார்கள். வந்தது இரண்டு டப்பா புளிக்காய்ச்சல்.

என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை, கட்டிய பணமும் திரும்பாது. அதனால் அவர் இடத்தில் அத்தை. பேரனைப் பார்க்க சிங்கப்பூர் போக எடுத்த பாஸ்போர்ட் சும்மா கிடந்தது. அறுபத்தெட்டு வயது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடை எங்கள் ஊர். அங்கே ஆறு மா நிலத்தை இன்னும் தானே வரப்பில் நின்று பார்த்துக்கொள்கிறார்.

1966 ஏப்ரல் நிலநடுக்கத்தில் பழைய ஊர் பெரும்பாலும் போய்விட்டதால் தாஷ்கண்ட் முழுக்க அகலச் சாலைகள், மரங்கள். அதே வருடம் ஜனவரியில்தான் சாஸ்திரி இங்கே இறந்தார். அவர் பெயரில் தெரு இருக்கிறது. எல்லோரும் மெட்ரோ நிலையங்களின் சரவிளக்கைப் படமெடுக்க, அத்தை மட்டும் நடைபாதை ஓரத்தில் குனிந்து நின்றார். தெருவோரம் ஒரு முழ அகலத்தில் சிமெண்ட் வாய்க்கால், அதில் தண்ணீர் ஓடுகிறது. ‘அரிக்’ என்கிறார்கள். மரங்களுக்குப் போகும் தண்ணீர்.

“டவுனுக்குள்ள வாய்க்கா வச்சிருக்கான், குப்பை போடலையே!”

செப்டம்பர் 21, சமர்கண்ட்

அஃப்ரோசியாப் என்ற அதிவேக ரயிலில் 344 கிலோமீட்டர், இரண்டு மணி நேரச் சொச்சம். ரெஜிஸ்தானைப் பற்றி நான் எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. மூன்று மதரசாக்கள், 1420, 1636, 1660 என்று கட்டி முடித்தவை, ஒரே சதுக்கத்தை மூன்று பக்கமும் பார்த்தபடி. எங்கள் குரூப் போட்டோவுக்கு மட்டும் நாற்பது நிமிடம் ஆனது.

உலுக் பெக்கின் வானாய்வகத்தில் கொஞ்சம் நின்றேன். தைமூரின் பேரன். 1018 நட்சத்திரங்களைப் பட்டியல் போட்டவர். வானத்தை அளக்க அவர் கட்டிய, மண்ணுக்குள் இறங்கும் பளிங்கு வளைவு 1908-இல்தான் தோண்டிக் கண்டுபிடிக்கப்பட்டது. 1449-இல் சொந்த மகனே ஆள்விட்டுக் கொன்றான் என்றதும் அத்தை, “வானத்தைப் பாத்தவன் வீட்டைப் பாக்கல” என்றார்.

எங்கள் வழிகாட்டி புகாராப் பெண். இந்தி நன்றாகப் பேசுகிறாள், எல்லாம் இந்திப் படம் பார்த்துக் கற்றது. அத்தையை ‘ஹோலா’ என்று கூப்பிடுகிறாள். நம்மூர் சித்தி, பெரியம்மா மாதிரி. சரஃப்ஷான் ஆற்றைக் கடக்கும்போது அத்தை கேட்கச் சொன்ன கேள்வி: இந்த ஆறு எந்தக் கடலுக்குப் போகிறது?

எந்தக் கடலுக்கும் இல்லையாம். ஒரு காலத்தில் அமு தரியா ஆற்றோடு சேர்ந்தது, இப்போது புகாரா தாண்டி மணலில் நின்றுவிடுகிறது. சமர்கண்ட் மேல்மடை, புகாரா கீழ்மடை. 1868-இல் ரஷ்யர்கள் சமர்கண்டைப் பிடித்ததும் புகாரா அமீரின் குடிதண்ணீர்ச் சாவியே அவர்கள் கைக்குப் போய்விட்டது. நூற்றைம்பது வருடக் கதையை நேற்று நடந்த பங்காளிச் சண்டை மாதிரி சொன்னாள் அந்தப் பெண். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அத்தை தலையாட்டிவிட்டார்.

செப்டம்பர் 22, செந்தியாப்

நூராதா மலைக்கு வடபுறச் சரிவில் கல்வீட்டுக் கிராமம். பேசுவது தஜிக். சின்ன ஓடை, அதை ஒட்டி வால்நட் மரங்கள், முசுக்கட்டை, திராட்சைப் பந்தல். ஓடைமேல் கட்டில் போல ஒரு மேடை, ‘தாப்சான்’. அதில் ஏறிச் சம்மணம் போட்டதும் அத்தைக்கு முட்டிவலி மறந்துபோனது.

வீட்டுக்கார அம்மா தந்தூரில் ரொட்டி சுட்டார். அடுப்பின் உள்சுவரில் மாவை அறைவதற்கு முன், நடுவில் ஆணி ஆணியாக இருக்கும் ஒரு மர அச்சால் குத்துகிறார். நடுப்பகுதி உப்பாமல் இருக்க. அத்தையிடமும் அச்சைக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் ஒரு சொல்கூடப் பொது இல்லை. ஏழு ரொட்டி சுட்டார்கள். புளிக்காய்ச்சலைத் தொட்டுக்கொண்டு அந்த அம்மா முகத்தைச் சுளித்தார், அப்புறம் இன்னொரு முறை தொட்டார்.

தேநீர்க் கிண்ணத்தைப் பாதிக்குக் கீழேதான் நிரப்புகிறார்கள். நிறைத்து ஊற்றினால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று அர்த்தம். இது தெரியாமல், மதியம் எங்கள் பேங்க் மாமா கஞ்சத்தனம் என்று முணுமுணுத்தார்.

மாலையில் ஒருவர் மண்வெட்டியோடு வந்து ஓடைக்கரையில் ஒரு கல்லை நகர்த்தினார். தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக்குத் திரும்பியது. முறைத்தண்ணீர். முறை பார்ப்பவருக்கு ‘மீராப்’ என்று பெயர், நீருக்குத் தலைவர். அத்தை அவரை ‘லஸ்கரு’ என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் ஷட்டர் திறக்கும் நீர்வளத்துறை ஆளுக்கு அதுதான் பெயர். “இவர் குடிச்சிருக்கலையே” என்று ஒரு ஒப்பீடு வேறு.

செப்டம்பர் 23, அய்தர்குல்

கிசில்கும் பாலைவனம். பெயருக்குச் செம்மணல் என்று பொருள், கண்ணுக்கு வெளிர்மஞ்சள். கம்பளிக் கூடாரங்கள், ஒட்டகச் சவாரி, இடுப்புவலி. ராத்திரி சாக்சவுல் என்ற பாலைவனப் புதரின் விறகில் நெருப்பு மூட்டினார்கள், ஒரு கஸாக் பெரியவர் தொம்ப்ரா மீட்டிப் பாடினார். பதிலுக்கு நம்மாட்கள் எம்.ஜி.ஆர். பாட்டு. அவர் தாளம் தப்பாமல் வாசித்ததுதான் ஆச்சரியம், பாடியவர்களுக்குத் தப்பியது.

பக்கத்திலேயே கரை தெரியாத ஏரி. இது இயற்கையாக வந்ததில்லை. 1969-இல் சிர் தரியா ஆற்றில் பெருவெள்ளம். சர்தாரா அணை தாங்காது என்று பள்ளத்துக்குள் திறந்துவிட்ட தண்ணீர் இப்படியே தங்கிவிட்டது. ஆரல் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர். நான் கால் நனைத்தேன், அத்தை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். லேசான உப்பு.

செப்டம்பர் 25, புகாரா

வழியில் நூராதா ஊற்று. மீன்கள் மொய்க்கின்றன, புனிதம் என்று யாரும் பிடிப்பதில்லை. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்ட பழக்கத்தில் அத்தை ரொட்டியைப் பிய்த்துப் போட்டுவிட்டார். ரொட்டி கீழே விழுவதே இங்கே பிடிக்காதாம், வழிகாட்டி மெல்லச் சொன்னாள்.

கல்யான் மினார் 1127-இல் கட்டியது, 1220-இல் செங்கிஸ்கான் ஊரைக் கொளுத்தியபோதும் நின்றது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. எனக்குப் பிடித்தது லபி ஹவுஸ்தான். ‘லப்’ என்றால் உதடு, ஓரம்; ‘ஹவுஸ்’ குளம். ஆக, குளக்கரை, அவ்வளவுதான். கல் படிகள், பழைய முசுக்கட்டை மரங்கள், கழுதைமேல் முல்லா நஸ்ருதீன் சிலை.

இப்படிப் பல குளங்கள் ஊரெங்கும் இருந்தன. குடிக்க, குளிக்க எல்லாம் அதே தண்ணீர். அதில் வந்த ஒரு புழுநோய். காலில் கொப்புளமாகி நூல் மாதிரி வெளியே வரும், குச்சியில் நாள்கணக்காகச் சுற்றிச் சுற்றி எடுப்பார்கள் என்று வழிகாட்டி சொல்லச் சொல்ல அத்தை குறுக்கிட்டார்.

“நரம்புச் சிலந்திடி! எங்க அப்பாருக்கு வந்திருக்கு.”

அதேதான். இங்கே அதன் பெயர் ‘ரிஷ்தா’, நூல். சோவியத் காலத்தில் பெரும்பாலான குளங்களை வற்றவைத்துத் தூர்த்து, குழாய் போட்டு நோயை ஒழித்தார்கள். கூடவே நாரைகளும் போய்விட்டன. பழைய கோபுர உச்சிகளில் கூடுகள் மட்டும் காலியாக இருக்கின்றன. குளத்தை மூடியது சரியா தப்பா என்று எங்களுக்குள் பஸ்ஸில் வாக்குவாதம். நோயைப் பார்த்த அத்தை சரி என்றார். ஏசி அறையிலிருந்து வந்த நாங்கள் நாரைக்காகப் பேசினோம்.

செப்டம்பர் 26, வழியில்

கீவாவுக்கு எட்டு மணி நேரம். பஸ்ஸில் ஏசி மதியத்தோடு நின்றது. மணல், மணல். பிறகு திடீரென்று கீழே அமு தரியா, காபி நிறத்தில், அகலமாக, நடுவில் திட்டுத்திட்டாக. எதிர்க்கரை துர்க்மெனிஸ்தான்.

பருத்தி எடுப்புக் காலம். வழிகாட்டி கல்லூரி நாளில் இரண்டு மாதம் வகுப்பு கிடையாதாம், கட்டாயமாக வயலுக்குத்தான். சில வருடங்களாக அந்த வழக்கம் நின்றிருக்கிறது, 2022-இல் வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகளின் புறக்கணிப்பும் விலகியது. “விரல் நுனி கிழிந்துவிடும்” என்று கையை விரித்துக் காட்டினாள். காய்ந்து வெடித்த பருத்திக் காயின் ஓட்டு முனை ஊசி மாதிரி.

செப்டம்பர் 27, கீவா

சுவருக்குள் ஊர். 1855-இல் கான் இறந்ததும் பாதியில் விட்ட தடிமனான நீல மினார், ஜும்ஆ மசூதியில் இருநூற்றுச் சொச்சம் மரத்தூண்கள். கொஞ்சம் அதிகமாகவே துடைத்து வைத்த ஊர். புகாராவில் இருந்த வீட்டு வாசனை இங்கே இல்லை. முலாம்பழம் மட்டும் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

செப்டம்பர் 29, நூகுஸ்

மொய்னாக் போய்த் திரும்பினோம். நூகுஸிலிருந்து போக 200 கிலோமீட்டர், வர 200. எட்டுப் பேர் ஓட்டலிலேயே இருந்துவிட்டார்கள்.

மொய்னாக் ஒரு காலத்தில் ஆரல் கடலின் துறைமுக ஊர். மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை இருந்தது. பெயர்தான் கடல், 1960 வரை ஆரல் உலகின் நான்காவது பெரிய ஏரி. பிறகு பருத்திக்காக அமு தரியா, சிர் தரியா இரண்டு ஆறுகளையும் வாய்க்கால் வாய்க்காலாக மேலேயே பிரித்துவிட்டார்கள். இப்போது தண்ணீர் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். மேட்டில் நின்று பார்த்தால் கீழே மணலில் துருப்பிடித்த கப்பல்கள், அவற்றின் நிழலில் படுத்திருக்கும் மாடுகள். நம்மாள் ஒருவர் கப்பல்மேல் ஏறி டைட்டானிக் போஸ் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

அத்தை கீழே இறங்கி வெகுதூரம் நடந்தார். கூப்பிட்டும் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் குனிந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார், சுண்டுவிரல் நகம் அளவுக்கு, வெள்ளையாக.

“மேல இருக்கவன் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காதுடி. அவனவன் வயலுக்குத்தான் பாய்ச்சிருப்பான்.”

ஊரில் அண்ணனுக்கு போன் போட்டேன். முறை வந்திருக்கிறது, நம் வயலுக்கு நாளை ராத்திரிதான் ஏறும் என்றார். ஸ்பீக்கரில் கேட்ட அத்தை, “பாய் போட்டு வாய்க்கா மேட்டுலயே படுக்கச் சொல்லு” என்றார்.

இப்போது மணி பத்தரை. அத்தை பாத்ரூமில் புடவைக் கரையை அலசிக்கொண்டிருக்கிறார். உப்பு ஏறி விறைத்துக் கிடக்கிறது. இரண்டு பக்கெட் ஆகிவிட்டது, போகவில்லை. குழாய்த் தண்ணீரும் உப்பு.