2010-இல் நின்ற கடிகாரம்: மியான்மர் கணக்கை ஐஎஃப்ஆர்எஸ்-க்கு மாற்றியபோது

உளுந்தும் பாசிப்பயறும் ஏற்றுமதி செய்யும் ஒரு ரங்கூன் நிறுவனம். சிங்கப்பூர்ப் பங்காளியிடம் 30 சதம் பங்கு. 2017 கம்பெனிச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்கு 35 சதத்தைத் தாண்டாததால் அது இன்னும் உள்நாட்டுக் கம்பெனிதான். ஆனால் அந்தப் பங்காளி தன் புத்தகத்தில் இதை இணை நிறுவனமாக, அதாவது முழுக் கட்டுப்பாடு இல்லாவிட்டாலும் கணிசமான செல்வாக்கு உள்ள நிறுவனமாக, காட்ட வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் ஒரே கணக்கியல் கொள்கை இருக்க வேண்டும் என்கிறது ஐஏஎஸ் 28. (ஐஏஎஸ் என்றதும் கலெக்டர் நினைவுக்கு வருகிறவர்களுக்கு: இது பன்னாட்டுக் கணக்கியல் தரம்.) ஆக, மியான்மர் தரப்படி எழுதிய கணக்கை ஐஎஃப்ஆர்எஸ்-க்கு, அதாவது பன்னாட்டு நிதி அறிக்கைத் தரங்களுக்கு, மாற்றும் வேலை வந்தது. செய்தபோது எங்கே சிக்கியது என்பதுதான் இந்தக் குறிப்பு. கீழே உள்ள தொகைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. இங்கே யாரும் கோடியில் பேசுவதில்லை, எல்லாம் லட்சம்தான், அப்படியே எழுதியிருக்கிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கழற்றி வைக்க வேண்டும். தேசியத் தரம் என்றதும் உள்நாட்டில் யாரோ உட்கார்ந்து தனியாக எழுதிய விதி என்று தோன்றும். மியான்மர் தரங்கள் அப்படி அல்ல. கணக்கியல் கவுன்சில் 2010-இல் அன்றைய பன்னாட்டுத் தரங்களை ஏறத்தாழ அப்படியே எடுத்து, எண்ணைக்கூட மாற்றாமல், எம்ஏஎஸ், எம்எஃப்ஆர்எஸ் என்று பெயர் வைத்து, 2011 ஜனவரி 4 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மூலம் அதன்பின் நடந்துகொண்டே இருந்தது. நகல் அங்கேயே நின்றுவிட்டது. பொதுநலன் சார்ந்த நிறுவனங்கள் 2022-23 முதல் ஐஎஃப்ஆர்எஸ்-க்கு வர வேண்டும் என்று கவுன்சில் 2018-இல் அறிவித்தது. அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும் வணிகக் கம்பெனிகள் பல இன்னும் பழைய தொகுப்பில்தான் இருக்கின்றன. ஆகவே இரண்டு தரங்களையும் பக்கத்தில் பக்கம் வைத்துக் கொள்கை வேறுபாடு தேடினால் நாள்தான் வீணாகும். தேட வேண்டியது 2010-க்குப் பிறகு மூலத்தில் என்ன மாறியது என்பதை. வருவாய்க்கு எம்ஏஎஸ் 18 போய் ஐஎஃப்ஆர்எஸ் 15, குத்தகைக்கு எம்ஏஎஸ் 17 போய் ஐஎஃப்ஆர்எஸ் 16, பாக்கிகளுக்கு எம்ஏஎஸ் 39 போய் ஐஎஃப்ஆர்எஸ் 9. இந்த மூன்றோடு, 2023-இல் ஐஏஎஸ் 21-இல் சேர்ந்த ஒரு சிறு திருத்தம். எங்களை அதிகம் உலுக்கியது அந்தச் சிறு திருத்தம்தான்.

முதல் ஐஎஃப்ஆர்எஸ் ஆண்டு 2026 மார்ச் 31-இல் முடிகிறது என்றால், புதிய தரத்துக்கு மாறும் நாள் 2024 ஏப்ரல் 1. அதாவது ஒப்பீட்டு ஆண்டின் முதல் நாள். மூன்று இருப்புநிலைக் குறிப்புகள் வேண்டும். 2026 மார்ச் 31-இல் அமலில் உள்ள தரங்களையே மூன்றுக்கும் ஒரே சீராகப் போட வேண்டும். இங்கே பலர் வழுக்குகிறார்கள். ஒவ்வொரு தரத்தின் கடைசியிலும் ‘பழைய ஆண்டைத் திருத்த வேண்டாம்’ என்பது போன்ற சலுகை இருக்கும். அது ஏற்கனவே ஐஎஃப்ஆர்எஸ்-இல் இருப்பவர்களுக்கு. புதிதாக நுழைகிறவருக்கு ஐஎஃப்ஆர்எஸ் 1 தனியாகத் தரும் சலுகைகள் மட்டுமே உண்டு.

குத்தகைக்கு வருவோம். ரங்கூனில் பயிநவுங் பக்கம் ஒரு கிட்டங்கி. 2024 ஏப்ரல் 1 முதல் ஐந்து ஆண்டு ஒப்பந்தம். ஆண்டு வாடகை 600 லட்சம் கியாட் (மியான்மர் நாணயம்). ஒவ்வொரு ஏப்ரல் 1-ம் முன்பணமாகக் கட்ட வேண்டும். பழைய முறையில் வேலை சுலபம்: வாடகைச் செலவு 600, முடிந்தது. ஐஎஃப்ஆர்எஸ் 16-இல் முதல் நாள் கட்டிய 600 கடனில் சேராது. மீதி நான்கு தவணைகளைத்தான் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். வட்டி 12 சதம் என்றால் காரணி 3.0373, கடன் 1,822.4 லட்சம். அதோடு கட்டிய 600 சேர்ந்து, இடத்தைப் பயன்படுத்தும் உரிமைக்காகப் புத்தகத்தில் எழுதும் சொத்து 2,422.4 லட்சம். ஐந்தால் வகுத்தால் ஆண்டுத் தேய்மானம் 484.5. முதல் ஆண்டு வட்டி 218.7. ஆக முதல் ஆண்டுச் செலவு 703.2, ஐந்தாம் ஆண்டு வட்டியே கிடையாது, 484.5 மட்டும். ஐந்து ஆண்டும் கூட்டினால் அதே 3,000தான். லாபம் முன்னால் குறைந்து பின்னால் கூடும். இதைப் பங்காளிக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால், ‘வாடகை ஏன் ஏறியது?’ என்று மின்னஞ்சல் வரும்.

எக்ஸெல்லில் இங்கே நடக்கிற தவறு எப்போதும் ஒன்றே: பிவி (இன்றைய மதிப்பு) சூத்திரத்தில் ஐந்து தவணையையும் ஆண்டு முடிவில் கட்டுவதாகப் போட்டுவிடுவது. கடன் 2,162.9 என்று வரும். நிமிர்ந்து பார்த்தாலொழிய தெரியாது. சரிபார்க்க ஒரே வழி, கடனை ஆண்டாண்டாக ஓட்டிப் பார்ப்பது. 2025 மார்ச் 31-இல் 2,041.1, மறுநாள் 600 கட்டியதும் 1,441.1, கடைசித் தவணைக்குப் பிறகு சரியாகப் பூஜ்யத்தில் நிற்க வேண்டும்.

ரங்கூனில் இன்னொரு வழக்கம், ஓராண்டுச் சீட்டு எழுதி ஆண்டுதோறும் புதுப்பிப்பது. வெளிநாட்டவருக்கு ஓராண்டுக்கு மேல் இடம் விடக்கூடாது என்ற 1987 சட்டம் ஒரு காரணம். மற்றவர்களும் அதே நமூனாவைப் பிடித்துக்கொண்டார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாத குத்தகைக்கு விலக்கு உண்டு என்று பார்த்து எல்லாவற்றையும் அதில் தள்ளிவிட ஆசை வரும். ஆனால் அந்தக் கிட்டங்கிக்குள் உலர்த்தும் எந்திரமும் நிறம் பிரிக்கும் எந்திரமும் அஸ்திவாரம் போட்டு நிறுத்தியிருந்தால், சீட்டில் ஓராண்டு என்று இருப்பது மட்டும் போதாது. வெளியேறினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று பார்த்துத்தான் காலத்தை முடிவு செய்ய வேண்டும். எந்திரம் உள்ள இரண்டு கிட்டங்கிகளைக் கணக்குக்குள் கொண்டுவந்தோம். மூட்டை மட்டும் அடுக்கும் ஒன்றை வெளியே விட்டோம்.

ஒத்திவைத்த வரியும், அதாவது புத்தக மதிப்பும் வரிக் கணக்கு மதிப்பும் வேறுபடுவதால் பின்னால் கூடவோ குறையவோ போகும் வரியும், இதோடு ஒட்டிக்கொண்டு வரும். பழைய எம்ஏஎஸ் 12-இல், முதன்முதல் பதியும்போதே எழும் வேறுபாட்டுக்கு இந்த வரி வேண்டாம் என்ற விலக்கைக் காட்டித் தப்பிக்கலாம். மூலத்தில் 2021 திருத்தம் அந்தக் கதவைக் குத்தகைக்கு மூடிவிட்டது. 22 சத வரியில், 2025 மார்ச் 31-இல் கடன் பக்கம் 449.0, சொத்துப் பக்கம் 426.3. நிகரம் 22.7 லட்சம். இருப்புநிலையில் நிகரமாகக் காட்டினாலும் குறிப்பில் இரண்டையும் தனித்தனியே காட்ட வேண்டும்.

பாக்கிகள் விஷயத்தில் கணக்கு எளிது, தரவு கஷ்டம். எம்ஏஎஸ் 39-இல் ஒரு கடனாளி கைவிரித்த பிறகுதான் ஒதுக்கீடு. ஐஎஃப்ஆர்எஸ் 9-இல் இன்று விற்ற சரக்குக்கும் இன்றே ஒரு சிறு ஒதுக்கீடு. 30 நாளுக்குள் 4,000 லட்சம் அரை சதம், 60 நாள் வரை 1,500 லட்சம் 2 சதம், 90 நாள் வரை 500 லட்சம் 8 சதம், அதற்கு மேல் 200 லட்சம் 40 சதம் என்றால் மொத்தம் 170. பழைய புத்தகத்தில் ஒரே ஒரு ஆளுக்காக 60 இருந்தது. வித்தியாசம் 110 லட்சம், தொடக்க நாளில் தேங்கியிருக்கும் லாபத்தில் கழியும். இந்தச் சதவீதங்களைப் பழைய இழப்பு விவரத்திலிருந்து எடுக்கும்போதுதான் பொறி. இங்கே நிதியாண்டு அக்டோபர்–செப்டம்பராக மாறி, மறுபடி ஏப்ரல்–மார்ச்சுக்குத் திரும்பியது. நடுவில் 2021 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை ஆறே மாதத்தில் ஒரு ‘ஆண்டு’. அதை முழு ஆண்டு என்று எண்ணிச் சராசரி எடுத்தால் விகிதம் கெட்டுப்போகும். ஆண்டு வாரியாக விட்டுவிட்டு மாத வாரியாக எடுத்த பிறகுதான் எண்கள் அடங்கின.

வருவாயில் பெரிய பூகம்பம் இல்லை. சிஐஎஃப் விலையில் (சரக்கு, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த விலை) விற்றால், சரக்கு ரங்கூன் துறைமுகத்தில் கைமாறிவிடுகிறது. அதன்பின் உள்ள கப்பல் கூலி தனிச் சேவை. மார்ச் 31-இல் கப்பல் கடலில் இருந்தால் கூலியில் ஒரு பகுதி அடுத்த ஆண்டுக்குப் போகும். ஈரப்பதம், இறங்கு எடை என்று வாங்குபவர் பிறகு கழிக்கும் தொகையை விற்ற அன்றே மதிப்பிட்டுக் கழிக்க வேண்டும்.

இனி டாலர். மத்திய வங்கி ஒரு டாலருக்கு 2022 ஏப்ரலில் 1,850 கியாட் என்றும் ஆகஸ்டில் 2,100 என்றும் விலை வைத்தது. ஏற்றுமதி வரவில் 65 சதத்தை அந்த விலையில் மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் 2023 ஜூலையில் 50 ஆகவும், டிசம்பரில் 35 ஆகவும் இறங்கியது. கணக்கர்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலும் எல்லாவற்றையும் 2,100-இல் எழுதினார்கள். வவுச்சரில் அதிகார விலை இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் அல்லவா.

35 சதக் காலத்தில் ஒரு லட்சம் டாலர் பில் என்று எடுங்கள். 35,000 டாலர் 2,100-இல் 735 லட்சம். மீதி 65,000, வங்கி வழியாக 3,400-க்கு விற்க முடிந்தால் 2,210 லட்சம். மொத்தம் 2,945. முழுவதும் 2,100-இல் எழுதினால் 2,100 லட்சம்தான்; 845 லட்சம் விற்பனையிலிருந்து காணாமல் போய், பணம் வரும்போது ‘மாற்று லாபம்’ என்ற வேஷத்தில் திரும்பி வரும். பல விலைகள் இருந்தால் அந்தப் பணம் எந்த விலையில் தீர்ந்திருக்குமோ அதை எடு என்று பழைய எம்ஏஎஸ் 21-ம் சொல்கிறது. ஆக இந்தப் பாதி, தர வேறுபாடே அல்ல. பழைய தரத்தையே சரியாகப் பின்பற்றாத பிழை. ஐஎஃப்ஆர்எஸ் 1 இரண்டையும் கலக்க விடாது. பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒப்பிட்டு இணைக்கும் அட்டவணையில் பிழைத் திருத்தத்தைத் தனி வரியில் காட்ட வேண்டும்.

உண்மையான தர வேறுபாடு கொடுக்க வேண்டிய பக்கத்தில் வருகிறது. நிறம் பிரிக்கும் எந்திரத்துக்கு 40,000 டாலர் பாக்கி. 2,100-இல் எழுதினால் 840 லட்சம். ஆனால் அந்த விலைக்கு டாலர் கிடைக்குமா? 2023 திருத்தம் கேட்பது இதைத்தான்: வழக்கமான நிர்வாகத் தாமதத்துக்குள், சட்டப்படி உரிமை தரும் சந்தையில், சொற்பம் என்று தள்ள முடியாத அளவு வாங்க முடிகிறதா? முடியாது என்றால் விலையை நாமே மதிப்பிட வேண்டும். உண்டியல் (வங்கிக்கு வெளியே நடக்கும் பணமாற்று) விலை சட்ட உரிமை தராது. அதனால் அதை வைத்து ‘டாலர் கிடைக்கிறது’ என்று சொல்ல முடியாது. ஆனால் கிடைக்கவில்லை என்று முடிவான பிறகு, மதிப்பீட்டுக்கு அதையும் ஒரு சான்றாக எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். 3,400 என்று மதிப்பிட்டால் கடன் 1,360 லட்சம்; 520 லட்சம் கூடுதல். மதிப்பீட்டு முறை, எடுத்த விலைகள், அதனால் வரும் ஆபத்து மூன்றையும் குறிப்பில் எழுத வேண்டும். முன்பு சொன்ன சலுகை விஷயம் இங்கேதான் கடிக்கும்: திருத்தம் 2025 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ தொடங்கும் ஆண்டுகளுக்கு என்றாலும், புதிதாக நுழைகிறவர் 2024 ஏப்ரல் 1 இருப்பிலிருந்தே இதைப் போட வேண்டும். அந்த நாளின் விலைச் சான்றுகளைத் தேடி எடுக்கவே இரண்டு வாரம் போயிற்று. வங்கி டிரேடிங் சீட்டுகளை அன்றன்றே ஸ்கேன் செய்து வைத்திருந்தால் ஒரு நாள் வேலை.

உள்ளூர்ப் பதிவுக்கும் வரிக்கும் பழைய கணக்கு தொடர்ந்து வேண்டும் என்பதால் பேரேட்டில் கைவைக்கவில்லை. மாற்றங்கள் எல்லாம் தனித் தாளில், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு பற்று, ஒரு வரவு. மறு ஆண்டு ஏப்ரல் 1-இல் அந்தப் பதிவுகளைத் தொடக்க இருப்பாக மீண்டும் ஏற்ற வேண்டும். மறந்தால் குத்தகைக் கடன் முழுதும் ஒரே இரவில் மறைந்து, ஐந்தொகை மட்டும் அழகாகப் பொருந்தி நிற்கும்.