ஜூஸ் பெட்டி காகிதமா, பிளாஸ்டிக்கா?

"அட்டைதானே" என்று பழைய பேப்பரோடு கட்டுபவர்கள் ஒருபக்கம். உள்ளே வெள்ளி மினுங்குவதைப் பார்த்துக் குப்பையில் எறிபவர்கள் மறுபக்கம். இரண்டுமே தப்பு.

ஜூஸ் வரும் டெட்ரா பேக்கில் சுமார் 75 சதவீதம் அட்டை, 20 பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக், 5 அலுமினியம். இதற்கென்று உள்ள ஆலையில் தண்ணீரில் அரைமணி நேரம் போலக் கடைந்தால் நார் பிரியும். மிஞ்சும் பிளாஸ்டிக்-அலுமினியம் கூரைத் தகடாகும். சாதாரண பேப்பர் ஆலையில் அவ்வளவு நேரம் கடைய மாட்டார்கள். அதனால் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் நாரோடு சேர்ந்தே கழிவாகப் போய்விடும்.

காலியானதும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். மூலைக் காதுகளைப் பிரித்துவிட்டுத் தட்டையாக அமுக்கி, காயவைத்துத் தனிப் பையில் சேருங்கள். கழுவாத பால் பெட்டி இரண்டு மூன்று நாளில் நாறும், பூஞ்சையும் பிடிக்கும். இப்படிச் சேர்ப்பதை அக்கறை உள்ளவர்களும் பாதியில் கைவிட இந்த நாற்றமே காரணமாகலாம்.