கேவுரு, காராமணி, ஒரு மாத்திரை

2025 ஜனவரி 5, ஞாயிறு

இரண்டு மாதமாக உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு மாடிப்படி இருபதுதான், ஏறி முடிப்பதற்குள் ஒரு தடவை நிற்க வேண்டியிருக்கிறது. நேற்று ரத்தம் கொடுத்தேன், இன்று ரிசல்ட் வந்தது. ஹீமோகுளோபின் 11.9. எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 104. வைட்டமின் பி12 மட்டும் தடித்த எழுத்தில்: 138. குறைந்தது 211 இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

கறி, மீன், முட்டை, பால், தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் விட்டு ஒன்றே கால் வருடம் ஆகிறது. 2023 ஐப்பசியில் விட்டேன். காரணத்தை யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. கணியம்பாடியில் அம்மா வீட்டு மாட்டுக்குக் கன்று செத்துப்போனது. மாடு கறக்க விடவில்லை என்று, செத்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து முன்னால் நிறுத்தினார்கள். மாடு அதை நக்கிக்கொண்டே பால் சுரந்தது. சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்கு மட்டும் காபி தொண்டையில் இறங்கவில்லை. அவ்வளவுதான் கதை.

இதில் வேடிக்கை, நான் வேலை பார்ப்பது ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியின் கணக்குப் பிரிவில். "சம்பளம் தோல்ல வருது, காபிக்கு மட்டும் பால் ஆகாதா?" என்று ஆபீசில் கேட்பார்கள். பதில் இல்லாததால் சிரித்து வைப்பேன்.

அம்மாவிடம் போனில் காலைப் பற்றிச் சொன்னேன். "எனக்குங்கூடத்தான் மரத்துப் போவுது. சக்கர இருந்தா அப்டித்தான். நீ ரெண்டு வேள தயிரு ஊத்தி சாப்டு, சரியாப்பூடும்."

ஜனவரி 8, புதன்

வேலை முடிந்து வரும் வழியில், "ஊட்டச்சத்து ஆலோசகர்" என்று போர்டு வைத்த ஒரு கடைக்குள் நுழைந்தேன். ஒரு மெஷின் மேல் நிற்க வைத்தார்கள். உடம்பின் வயது 51 என்று காட்டியது. எனக்கு 39. பையன் உடனே 4,200 ரூபாய் டின் ஒன்றை எடுத்து வைத்தான். திருப்பிப் பின்னால் படித்தால், முதல் சாமானே வே புரோட்டீன், அதாவது பாலைத் திரித்து எடுத்தது. சொன்னேன். "சார், அது பால் இல்ல, புரோட்டீன்" என்றான். சண்டை போடத் தெம்பில்லை.

சித்தப்பா பெண் திருச்சியில் இதே படிப்பு படிக்கிறாள். அவளிடம் பேசினேன். "அண்ணா, போர்டு யாரு வேணா வைக்கலாம். என்ன படிச்சிருக்காங்க, ஆஸ்பத்திரியில பயிற்சி எடுத்தாங்களா, ஆர்.டி.ன்னு பதிவு பெற்ற டயட்டீஷியனுக்கான பரீட்சை எழுதியிருக்காங்களான்னு கேளுங்க. டின் விக்கிறவங்ககிட்டப் போகாதீங்க" என்றாள். டயட்டீஷியன்களையும் சேர்த்து 2021-லேயே மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்துவிட்டதாம், துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையம் என்று. சட்டம் வந்தால் போர்டுகள் குறைந்துவிடுமா என்ன.

ஜனவரி 11, சனி

டயட்டீஷியனைப் பார்த்தாயிற்று. என்னைவிடச் சின்ன வயதுப் பெண். மேசையில் டின் இல்லை. கரண்டி, டம்ளர், கிண்ணம் என்று அளவுப் பாத்திரங்கள், ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணை. 528 உணவுப் பொருட்களில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று அதில் இருக்கிறது. அந்த நிறுவனமே நம் குன்னூரில் 1918-ல் ஒற்றை அறை ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958-ல் ஐதராபாத் போனதாம். நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு சொன்னார்.

நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன சாப்பிட்டீர்கள் என்றார். நாஷ்டாவுக்கு நாலு இட்லி, தேங்காய் சட்னி. பதினோரு மணிக்குக் கட்டங்காபி. மத்தியானம் சோறு, சாம்பார், கத்திரிக்காய் பொரியல், ரசம், கை கழுவினதும் ஒரு வரக்காபி. சாயங்காலம் முறுக்கு. ராத்திரி மூணு தோசை, மிளகாய்ப்பொடி.

சாம்பாரில் பருப்பு எவ்வளவு என்றார். எங்கள் வீட்டுச் சாம்பார் பாலாறு மாதிரி, தேடினால்தான் கிடைக்கும் என்றேன். பாலாறாவது மழைக்கு வரும் என்றார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார், வீடு வரும்வரை அதுவே ஓடியது. "கறியும் பாலும் இருந்த எடத்துல இப்ப என்ன வெச்சிருக்கீங்க சார்?"

யோசித்துப் பார்த்தால், இன்னொரு கரண்டி சோறு.

அடுத்தது அதைவிட எதிர்பாராதது. "கேஸ் மாத்திர, சக்கர மாத்திர ஏதாவது ரொம்ப நாளா போடறீங்களா?" கேஸ் மாத்திரை போடுகிறேன், நாலு வருடமாக, காலையில் வெறும் வயிற்றில். டாக்டர் எழுதியது பதினைந்து நாளைக்கு. அதற்குப் பிறகு மெடிக்கலில் நானே கேட்டு வாங்கியதுதான். வயிற்றில் அமிலம் குறைந்தால் சாப்பாட்டிலிருக்கும் பி12 பிரிந்து வராது, சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் மாத்திரையும் உறிஞ்சுவதைக் குறைக்கும் என்று சொன்னார். பால் குடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே என் இருப்பு கரைய ஆரம்பித்திருக்கலாம். கல்லீரலில் சேர்த்து வைத்த பி12 பொதுவாகச் சில வருடங்களுக்குத் தாங்குமாம், அதனால் ஒன்றே கால் வருடத்தில் 138 என்றதும் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

கால் மரத்துப் போகிறது என்றால் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, ஊசி தேவைப்படலாம், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். என் வேலை இதுவரைக்கும்தான் என்று கோடு போட்டுச் சொல்கிற ஆளைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

மூன்று நாள் சாப்பாட்டை எழுதி வரச் சொல்லியிருக்கிறார். இரண்டு வேலை நாள், ஒரு ஞாயிறு.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

கணியம்பாடி. மாட்டுக்குக் கொம்பில் பெயின்ட் அடித்தேன். நேற்று பொங்கல் பானையில் பால் ஊற்றும்போது அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தனியாகத் தேங்காய்ப் பாலில் ஒரு சட்டி வைத்திருந்தாள், திட்டிக்கொண்டே.

டாக்டர் 1000 மைக்ரோகிராம் ஊசி ஐந்து எழுதியிருக்கிறார், ஒன்று விட்டு ஒரு நாள். பிறகு மாத்திரை, தினமும். கேஸ் மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். சட்டென்று விட்டால் நெஞ்செரிச்சல் திரும்ப அடிக்குமாம்.

"பால் வோணாம், மோரு வோணாம், மாத்திர மட்டும் வோணுமா?" என்றாள் அம்மா. மனைவி சிரித்த சிரிப்பில் அவளும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது.

உண்மையில் எனக்கும் அதுதான் உறுத்தல். சோற்றிலும் கீரையிலும் கிடைக்காத ஒன்றுக்காக ஆயுசுக்கும் மாத்திரை விழுங்குவது தோல்வி மாதிரி இருக்கிறது.

ஜனவரி 25, சனி

இன்று ஒரு துருப்புச் சீட்டோடு போனேன். 1980-ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை. எழுதியவர்கள் ஆல்பர்ட், மதன், பேக்கர், மூவரும் நம் வேலூர் சி.எம்.சி.க்காரர்கள். தென்னிந்தியர்களின் சிறுகுடலில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் பி12 தயாரிக்கின்றன என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் ஊர் ஆராய்ச்சி, நம் ஊர் வயிறு. பழைய சோறும் கூடவே இருக்கிறது, ஸ்பைருலினா பாசி இருக்கிறது, பிறகெதற்கு மாத்திரை?

பொறுமையாகக் கேட்டார். குடலைப் படம் போட்டார். பெருங்குடலில் பாக்டீரியா நிறையத் தயாரிக்கும், ஆனால் பி12 உறிஞ்சப்படுவது அதற்கு முன்னால், சிறுகுடலின் கடைசியில். வண்டி காட்பாடி தாண்டினபிறகு டிக்கெட் வாங்குகிற மாதிரி. சிறுகுடலிலேயே தயாரிக்கும் ஆட்கள் இருக்கலாம் என்றுதான் அந்தக் கட்டுரை சொல்கிறது. "நல்ல ஆராய்ச்சி சார். ஆனா உங்க குடல்ல அது போதுமான அளவு நடந்திருந்தா ரிப்போர்ட்ல 138 வந்திருக்குமா?" என்றார். ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் பி12 போலத் தோற்றமளிக்கும், உடம்புக்கு உதவாத சரக்காம். பழைய சோறு நல்லதுதான், ஆனால் பி12-க்கு அதை நம்பி உட்கார முடியாது. எனக்குப் பேச ஒன்றும் மிச்சமில்லை.

பி12-ஐ மாடும் செய்வதில்லை, செடியும் செய்வதில்லை, பாக்டீரியாதான் செய்கிறது என்றார். மாத்திரையில் இருப்பதும் தொட்டியில் பாக்டீரியாவை வளர்த்து எடுத்ததுதானாம். மாட்டின் வயிற்றில் நடக்கும் வேலை தொட்டியில் நடக்கிறது. இதைக் கேட்டதும் உறுத்தல் பாதி போயிற்று. அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பிறகு என் மூன்று நாள் நோட்டைக் கூட்டினார். சராசரி 39 கிராம் புரதம். என் எடை 58 கிலோ. கிலோவுக்கு 0.83 கிராம் என்பது பொதுக் கணக்கு. பாலும் முட்டையும் இல்லாமல் தானியத்தை நம்பியிருப்பவர் ஒரு கிராம் வைத்துக்கொள்வது நல்லது, ஆக 58. அந்த 19 கிராம் வித்தியாசத்துக்கு அவர் சொன்னது எதுவும் புதுச் சாமான் இல்லை. ஆபீசுக்கு ஒரு கைப்பிடி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, 30 கிராமுக்கு ஏழு கிராம் கிடைக்கும். ஊறவைத்து முளைகட்டின காராமணியோ கறுப்புக் கொண்டைக்கடலையோ ஒரு கிண்ணம் சுண்டல். மீல்மேக்கர் வாரம் இரண்டு நாள். சாம்பாரைக் கெட்டியாக வைப்பது.

சுண்ணாம்புச் சத்துக்கு கேவுரு, அதாவது கேழ்வரகு. நூறு கிராமில் 350 மில்லிகிராம் பக்கம் கால்சியம், அதே அளவு பாலில் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. எள்ளில் ஆயிரத்துக்கு மேல், ஆனால் எள்ளை நூறு கிராம் யார் சாப்பிடுவது, ஒரு ஸ்பூன் எள்ளுப்பொடி போதும். பாலக்கீரையைக் கால்சியத்துக்காகச் சாப்பிடாதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் பிடித்து வைத்துக்கொள்ளும், முருங்கை மேல் என்றார். ஆடி மாதம் கூழ் ஊற்றினால் மட்டும் ஞாபகம் வருகிற கேவுருவை இப்படி எண்களில் பார்க்கும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆயா ராத்திரி முழுக்கப் புளிக்க வைப்பாள். புளிப்பதாலும் முளைகட்டுவதாலும் பைட்டேட் குறைந்து இரும்பும் துத்தநாகமும் உடம்பில் ஒட்டும் என்பது அவளுக்குத் தெரியாது, ருசிக்காகச் செய்தாள்.

சாப்பிட்டதும் குடிக்கிற வரக்காபிக்குத் தடை. ஒரு மணி நேரம் தள்ள வேண்டும், இல்லையென்றால் இரும்பைத் தடுக்கும். சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். காபியைத் தள்ளுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். மல்லாட்டை ஒன்றும் கஷ்டமில்லை.

கத்திரிக்காயை விட வேண்டுமா என்று பயந்துகொண்டே கேட்டேன். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊரில் அதை யார் தடுக்க முடியும் என்றார். சத்து பெரிதாக இல்லை, சந்தோஷத்துக்குச் சாப்பிடுங்கள்.

கிளம்பும்போது பாப்பாவையும் பால் நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டேன். ஒன்பது வயது. அவர் முகம் மாறிவிட்டது. "வளர்ற குழந்தைக்குத் தனியாக் கணக்குப் போடணும் சார். உங்களுக்குப் பண்ணினதே எங்க வந்து நிக்குதுன்னு பாத்தீங்க இல்ல? அவங்க அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, பேசலாம்." மனைவியிடம் சொன்னதற்கு, "உங்க கொள்கை உங்களோட இருக்கட்டும்" என்றாள். பேச்சு முடிந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

மெடிக்கலில் பி12 கேட்டால் கேப்சூல் கொடுத்தார்கள். அந்தக் கூடு ஜெலட்டின். ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது என்று எனக்குப் புத்தகம் பார்க்க வேண்டியதில்லை. பச்சைத் தோலைச் சீவும்போது விழுகிற துண்டுகள் பசைக்கும் ஜெலட்டினுக்கும் போகிற கணக்கை நானே எழுதுகிறேன். மாத்திரையாகக் கேட்டு மாற்றி வாங்கினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பிப்ரவரி 20, வியாழன்

மீல்மேக்கர் முதல் தடவை ரப்பர். கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போட்டு, நன்றாகப் பிழிந்து, கறிக்குழம்பு மசாலாவில் போட்டதும் பாப்பாவே இரண்டாவது கரண்டி கேட்டாள். மாடிப்படியில் நிற்கவில்லை, நேற்றும் இன்றும்.

மார்ச் 8, சனி

கணியம்பாடி போனால் அம்மா முறத்தில் ரேஷன் அரிசியைப் பரப்பி, வெள்ளை வெள்ளையாக எதையோ பொறுக்கி எறிந்துகொண்டிருக்கிறாள். "பிளாஸ்டிக் அரிசிடா. தெருவே பொறுக்குது." அது பிளாஸ்டிக் இல்லை. செறிவூட்டின அரிசி, நூறுக்கு ஒன்று என்று கலக்கிறார்கள், உள்ளே இரும்பு, ஃபோலிக் அமிலம், அதே பி12. ஒரு கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் பக்கம்தான் பி12 சேர்ப்பதால் அதை நம்பி நான் மாத்திரையை விட முடியாது. ஆனாலும் அரசாங்கம் போட்டதைத் தெருவே கோழிக்குப் போடுவதைப் பார்க்க வயிறு எரிந்தது. கோழிகள் நன்றாகத்தான் இருக்கின்றன.

அகத்திக்கீரை பறித்துத் தரச் சொன்னேன். கால்சியம் நிறைய. "மாத்திர சாப்டறவன் அகத்தி தின்னா மருந்து முறிஞ்சிபூடும்" என்று ஒரு கட்டை அப்படியே மாட்டுக்குப் போட்டுவிட்டாள். அம்மாவோடு வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை. முருங்கைக்கீரை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது அவள் வலது காலைத் தரையில் உதறி உதறி வைத்தாள். மருந்துப் பையை எடுத்துப் பார்த்தேன். மெட்ஃபார்மின், பதினோரு வருடமாக. டயட்டீஷியன் முதல் நாள் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மாதம் ஆகிவிட்டிருந்தது.

ஏப்ரல் 12, சனி

என்னுடைய பி12 இப்போது 462. ஹீமோகுளோபின் 13.2. எறும்பு இடது கட்டைவிரலில் மட்டும் மிச்சம், நரம்பு ஆற நாளாகும் என்றார் டாக்டர். டயட்டீஷியன் நோட்டைப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து வந்தால் போதும், வரக்காபியை இன்னும் ஏமாற்றுகிறீர்கள் என்றார். எப்படித் தெரிந்ததோ.

அம்மாவுக்கும் பார்த்தோம். தினம் இரண்டு வேளை பால், மத்தியானம் தயிர். 164.

பேப்பரை வாங்கி, படிக்கத் தெரிந்த எண்ணை மட்டும் படித்தாள். "உனக்கு எவ்ளோ?" என்றாள். சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் கணியம்பாடி பஸ் ஏறும்போதுதான் கேட்டாள்: "அந்த ஊசி வலிக்குமாடா?"