ஐந்து தளங்கள், ஒரே எழுத்துப்பிழை

காமராஜர் பிறந்த நாளான ஜூலை 15-க்கு நான்கு பக்கச் சிறப்பிதழ். குறிப்புகள் சேகரிக்கும் வேலை என்னிடம் வந்தது. பத்திரிகையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். இணையத்தில்தான் கொட்டிக் கிடக்கிறதே, அரை நாள் போதும் என்று உட்கார்ந்தேன்.

அரை நாளில் முடித்தும் விட்டேன். 1957 தேர்தலில் அவர் விருதுநகரில் வென்றதாக எழுதியிருந்தேன். தாளைப் படித்த மூத்த உதவி ஆசிரியர், “அது சாத்தூர் இல்லையா தம்பி?” என்றார்.

“அஞ்சு இடத்துல விருதுநகர்னுதான் சார் இருக்கு.”

“அந்த அஞ்சையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.”

வைத்துப் பார்த்தேன். ஐந்திலும் ‘தொகுதியில்’ என்பது ‘தொகுயில்’ என்றே இருந்தது. யாரோ ஒருவர் அவசரத்தில் தட்டியதை மற்ற நால்வரும் பிழையோடு எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஐந்து சாட்சி என்று நினைத்தேன். பேசியது ஒரே வாய்.

தேர்தல் ஆணையத்தின் பழைய அறிக்கையைத் திறந்தால் சாத்தூர்தான். 1962-லும் அதே சாத்தூர். விருதுநகர், 1967-இல் அவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்ற தொகுதி. பிறந்த ஊர், பேர்போன தோல்வி, இரண்டும் ஒரே இடம் என்பதால் வெற்றியையும் அங்கேயே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் போல.

அதற்கப்புறம் கொஞ்சம் நிதானமாகத் தேடினேன். காமராஜர் என்று தட்டினால் வருபவை பெரும்பாலும் சமீபத்தில் எழுதியவை. காமராசர் என்றால் வேறு சில. பழைய பத்திரிகைகளுக்கு ‘காமராஜ நாடார்’ என்று கேட்க வேண்டியிருந்தது. அதிலும் ஒரு சிக்கல்: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி வளைந்திருக்கும். ஸ்கேன் செய்த பக்கங்களில் அந்த எழுத்துகளைக் கணினி எதையெதையோ வாசித்து வைக்கிறது. சொல்லைத் தேடிப் பயனில்லை, தேதியைப் பிடித்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும்.

அறிக்கையே கதி என்று இருந்தாலும் ஆபத்துதான். 1954 ஏப்ரலில் முதலமைச்சரானபோது அவர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. அப்புறம்தான் குடியாத்தத்தில் நின்று வென்றார். 1952 அறிக்கையில் அதைத் தேடிக் காணாமல், இதுவும் கட்டுக்கதையோ என்று குழம்பினேன். அது பொதுத்தேர்தல் அறிக்கை, இடைத்தேர்தல் அதில் எப்படி இருக்கும்? இது உறைக்க எனக்கு ஒரு டீ தேவைப்பட்டது.

மிஞ்சியது ஒரு பொன்மொழி. எல்லாரும் பகிர்வது, அழகானதும்கூட. எந்தக் கூட்டத்தில், என்றைக்குச் சொன்னார் என்று ஒருவரும் எழுதவில்லை. இரண்டு நாள் தேடிவிட்டு எடுத்துவிட்டேன். “கட்டம் போட்டாச்சு, இப்ப காலியா நிக்குதே” என்று வடிவமைப்பாளர் கோபித்துக்கொண்டார். கடைசியில் அந்த இடத்தில் சாத்தூர், குடியாத்தம், விருதுநகர் என்று தொகுதிப் பட்டியல் ஒன்றைப் போட்டோம்.