கிளையை மட்டும்தான் வெட்டுவாங்க

போன வாரம் கருமந்துறையிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். என் நம்பரை யாரோ கொடுத்திருக்கிறார்கள். அவருடைய பையனுக்கு எட்டு வயசு. வலிப்புக்காக மூளையில் ஆபரேஷன், திருவனந்தபுரத்தில் தேதி கொடுத்துவிட்டார்கள். என் மகளுக்கும் அங்கேதான் அதே ஆபரேஷன் நடந்தது. "என்னென்னங்க எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்டார். அரிசி, சின்ன குக்கர், சான்றிதழ் நகல், முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை நாலு என்று மளமளவென்று சொன்னேன். தலையில் கட்டுப் போட்ட பிறகு தலைவழியே மாட்டுகிற சட்டை ஒன்றுகூட உதவாது, அதனால். அவரும் எழுதிக்கொண்டார். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, முக்கியமானதைச் சொல்லவே இல்லை.

நாங்கள் ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம். வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார், நான் டீச்சர். மகள் பாப்பாவுக்கு நாலு வயசில் வலிப்பு ஆரம்பித்தது. "அம்மா, வயித்துக்குள்ள என்னமோ மேல ஏறுது" என்று ஓடிவந்து என் சேலையைப் பிடிப்பாள். அடுத்த நிமிடம் கண் எங்கேயோ நிலைத்துவிடும். வாய் சப்புக்கொட்டும். வலது கை பாவாடை நுனியைத் திருகிக்கொண்டே இருக்கும், இடது கை விறைத்துப்போகும். ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்து, எதுவும் நடக்காத மாதிரி தூங்கிவிடுவாள். ஊரில் காற்று கருப்பு என்றார்கள். கையில் சாவிக்கொத்தைக் கொடு என்றார்கள். நானும் கொடுத்திருக்கிறேன், மறைக்கவில்லை. அப்புறம்தான் சரியாகச் சொல்லிக்கொடுத்தார்கள்: ஒருபக்கமாகப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் வலிப்பை நிறுத்துகிற மிடாசோலம் ஸ்பிரே அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

ஐந்து வருடத்தில் நாலு மருந்து மாறியது. சரியான மருந்து இரண்டை, சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. அப்போதே ஆபரேஷனுக்கு ஏற்றதா என்று பரிசோதிக்க வேண்டும். இதை எங்களுக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. சேலத்தில் கடைசியாகப் பார்த்த டாக்டர்தான் சொல்லி, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே 1995-லிருந்து வலிப்புக்கு ஆபரேஷன் செய்கிறார்கள். பக்கத்தில் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று எல்லோரும் கேட்டார்கள். உண்மைதான், நாட்டிலேயே முதல் நியூரோசர்ஜரி (மூளை, நரம்பு ஆபரேஷன்) துறை 1949-ல் அங்கேதான் தொடங்கியது. ஆனால் எங்களுக்குக் கடிதம் கிடைத்தது திருவனந்தபுரத்துக்கு. அந்த நேரத்தில் கை காட்டுகிறவர் பேச்சைத்தான் மனசு பிடித்துக்கொள்கிறது.

முதல் தப்பு நான் செய்ததுதான். எம்ஆர்ஐ எடுக்கும்போது பாப்பாவிடம் "போட்டோ எடுக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டேன். உள்ளே இயந்திரம் டக டக என்று சம்மட்டி அடிக்கிற மாதிரி அடித்தது. வெளியே வந்தவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்து, "போட்டோன்னு சொன்னியேம்மா" என்றாள். அன்று முழுக்க என் கையைப் பிடிக்கவில்லை, அப்பா கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அன்றைக்கு ராத்திரி முடிவு செய்தேன், இனி எதையும் நடப்பதற்கு முன்னால் உள்ளபடி சொல்வது என்று.

எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. வழி காட்டியது எங்கள் ஊர் மழைதான். ஐப்பசி மழையில் சில்வர் ஓக் கிளை கரண்ட் கம்பியில் உரசித் தீப்பொறி பறந்து, ஊரே இருட்டாகிப்போவது எங்கள் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் தெரிந்த விஷயம். "உன் தலைக்குள்ளயும் கரண்டு ஓடுது. வலது பக்கம் ஒரு இடத்துல நீ என் வயித்துல இருக்கும்போதே ஒரு கிளை கோணலா வளந்துடுச்சு. அது உரசும்போதுதான் உனக்கு வருது. லைன்மேன் அண்ணன் என்ன பண்ணுவார்?" என்று கேட்டேன். "கிளையை மட்டும்தான் வெட்டுவார். மரத்தை வெட்டமாட்டார்" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கிளை மறுபடி வளருமா?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன், டாக்டரிடம் நாமே கேட்போம் என்றேன். நோட்டில் எழுதிவைத்து அவளேதான் கேட்டாள். எடுத்தது வளராது, ஆனால் பக்கத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தால் திரும்ப உரச வாய்ப்பு உண்டு, அதனால் ஆபரேஷனுக்குப் பிறகும் ரொம்ப நாள் மாத்திரை சாப்பிடணும் என்று டாக்டர் அவள் உயரத்துக்குக் குனிந்து சொன்னார். அதன் பிறகு ஆஸ்பத்திரியில் எதைப் பார்த்தாலும் அவளே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

அத்தையைச் சம்மதிக்க வைத்தது பெரிய பாடு. "தேங்கா மாதிரி உடைச்சுப்புடுவாங்களா கண்ணு?" என்று என்னைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார். நானும் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றிச் சொன்னது எதுவும் ஏறவில்லை. கடைசியில் அவரையே சேலத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போனோம். டாக்டர் எம்ஆர்ஐ படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பால் சிந்தின மாதிரி மங்கலாக இருந்த இடத்தைக் காட்டினார். அத்தை சுண்டுவிரலை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "இந்தத் துளியூண்டா எம் பேத்தியை அஞ்சு வருசமா ஆட்டிப்படைக்குது?" என்றார். அப்புறம் கேட்டது எல்லாம் நல்ல கேள்விகள். எழுந்து நடப்பாளா, எங்களை அடையாளம் தெரியுமா, பேச்சு வருமா. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு இடது மூளையில், பாப்பாவுக்குக் கோளாறு வலது பக்கம், அதனால் பேச்சுக்கு ஆபத்து குறைவு என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

அன்று அவர் ஒரு ஆராய்ச்சி பற்றியும் சொன்னார். டெல்லி எய்ம்ஸில் மருந்துக்குக் கட்டுப்படாத 116 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்து 2017-ல் வெளியிட்டது. ஒரு வருடம் கழித்து, ஆபரேஷன் செய்த பிரிவில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பு இல்லை. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 7 சதவீதம். ஆபரேஷன் பிரிவில் 33 சதவீதம் பேருக்குக் கடுமையான பாதிப்புகளும் வந்தன, அதில் நிறையப் பேருக்கு ஒருபக்கக் கை கால் பலவீனம். எந்த இடத்தில், எவ்வளவு பெரிய ஆபரேஷன் என்பதைப் பொறுத்தது அது என்றார். நல்லதை மட்டும் சொல்லாமல் இரண்டையும் சொன்னதால்தான் அவர் மேல் நம்பிக்கை வந்தது.

பயணம். எங்கள் மலையில் இறங்க இருபது கொண்டை ஊசி வளைவு. அதன் பிறகு சேலம் ஜங்ஷனில் நள்ளிரவு நேரத்தில் வருகிற திருவனந்தபுரம் மெயில். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்பதால் மத்தியானமே இறங்கி, சூரமங்கலத்தில் அக்கா வீட்டில் பாப்பாவைத் தூங்கவைத்து, வண்டி வருவதற்கு அரை மணி நேரம் முன்னால்தான் எழுப்பினோம். மாத்திரையைப் பெட்டியில் வைக்கவே கூடாது. எப்போதும் சாப்பிடுகிற அதே கம்பெனி மாத்திரை ஒரு மாதத்துக்கு, ஸ்பிரேயோடு சேர்த்து, என் தோள்பையில் இருந்தது. சேலத்து தட்டுவடை ஒரு டப்பா நிறைய எடுத்துப்போனேன். அங்கே கிடைக்கிற குண்டு அரிசிச் சோறு பாப்பாவுக்கு இறங்கவில்லை, அந்த டப்பாதான் முதல் நாலு நாள் காப்பாற்றியது.

ஆஸ்பத்திரியில் சாதிச் சான்றைக் காட்டினோம். நாங்கள் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி. காகிதத்தில் 'மலையாளி' என்று பார்த்ததும் அங்கே இருந்த பெண் சந்தோஷமாக மலையாளத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. மலைக்காரர்கள் என்று அர்த்தம், எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள், எங்களுக்குத் தமிழ்தான் என்று வீட்டுக்காரர் விளக்கினார். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, சாதிச் சான்று மூன்றையும் அசலும் நகலுமாகக் கொண்டுபோங்கள். செலவைப் பற்றி முதல் நாளே வாய்விட்டுக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

வீடியோ இஇஜி அறையை, அதாவது மூளையில் ஓடுகிற கரண்டை வீடியோவோடு சேர்த்துப் பதிவு செய்கிற அறையை, மட்டும் என்னால் மறக்க முடியாது. தலை முழுக்கக் கம்பி ஒட்டினார்கள், அந்தப் பசை நகப்பாலிஷ் மாதிரி வாடை அடித்தது. மேலே கேமரா. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள், வலிப்பு வந்தால்தானே எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரியும். என் கையில் ஒரு பொத்தான், வந்தால் அமுக்க வேண்டும். ஐந்து வருடமாக வரக்கூடாது வரக்கூடாது என்று சாமியைக் கும்பிட்டவள், அங்கே உட்கார்ந்து வரட்டும் என்று காத்திருந்தேன். மூன்றாம் நாள் விடிகாலை "அம்மா, ஏறுது" என்றாள். பொத்தானை அமுக்கிய என் விரல் அதிலேயே ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது, நர்ஸ் வந்துதான் எடுத்துவிட்டார். பாப்பா கண் விழித்ததும் முதலில் கேட்டது, "பிடிச்சுட்டாங்களாம்மா?" பிடித்துவிட்டார்கள். நான் வீட்டில் போனில் எடுத்துவைத்த பழைய வீடியோக்களையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். எந்தக் கை திருகுகிறது, எந்தக் கை விறைக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு முக்கியம். வலிப்பு வரும்போது கை நடுங்கினாலும் வீடியோ எடுத்துவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு ஒரு மாதம் கழித்துத் தேதி கிடைத்தது. இடையில் வீட்டுக்கு வந்தோம். அத்தை, முடியைச் சேர்வராயன் சாமிக்குத் தருவதாக வேண்டி மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் எடுத்தால் சாமிக் குத்தம் ஆகுமே என்று கவலை. முதல் நாள் மாலை நர்ஸிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். காது பக்கம் மட்டும்தான் எடுப்போம், எடுத்ததைக் கவரில் போட்டுத் தருகிறேன் என்றார். அதே மாதிரி கொடுத்தார். மே மாதத் திருவிழாவில் அத்தை அதைக் குகைக் கோயிலுக்கு எடுத்துப்போய்ச் சேர்த்தார்.

கண் வீங்கி மூடிக்கொள்ளும், மெல்லும்போது தாடை வலிக்கும், விழித்துப் பார்க்கும்போது அம்மா பக்கத்தில் இருக்கமாட்டேன், நர்ஸ் அக்கா இருப்பாங்க, அப்புறம் என்னைக் கூப்பிடுவாங்க. இவ்வளவையும் பாப்பாவிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன். எல்லாம் அப்படியே நடந்தது. ஐசியூவில் ஒரு கண்ணால் என்னைப் பார்த்து, "நீ சொன்ன மாதிரியேதாம்மா வீங்கிருக்கு" என்றாள். பதினோரு மாதம் ஆகிறது, இதுவரை ஏறவில்லை. மாத்திரை தொடர்கிறது.

நான் அந்தக் கருமந்துறை அம்மாவிடம் சொல்லாமல் விட்டது பாப்பாவின் தம்பியைப் பற்றி.

அவனுக்கு அப்போது ஐந்து வயசு. அத்தையிடம் விட்டுப் போனோம். அவனுக்குச் சோறு, பால், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தேன். பாப்பாவுக்கும் அத்தைக்கும் அவ்வளவு விளக்கிய நான், அவனிடம் "அக்காவுக்கு ஊசி போட்டுட்டு வந்துடறோம்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துவிட்டேன். மூன்றாம் நாள் அத்தை போனில், "ராத்திரி படுக்கையை நனைக்கறான், கொய்யா மரத்துக்கிட்டயே உக்காந்திருக்கான், கூப்பிட்டா வரமாட்டேங்கறான்" என்றார். அவனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "அம்மா, நான் தள்ளிவிட்டதாலயா அக்கா தலையை வெட்டறாங்க?"

தீபாவளி சமயத்தில் கொய்யாப் பழத்துக்குச் சண்டை போட்டுத் திண்ணையிலிருந்து அவளைத் தள்ளியிருக்கிறான். அன்று சாயங்காலம் அவளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. எங்களுக்கு அது நினைவிலேயே இல்லை. அவன் மட்டும் ஆறு மாதமாக அதை உள்ளே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அவனுக்கும் கரண்ட் கம்பி, சில்வர் ஓக், லைன்மேன் எல்லாம் சொன்னேன். நீ பிறக்கறதுக்கு முன்னாடியே அந்தக் கிளை இருந்ததுடா சாமி, நீ தள்ளினதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை என்று நாலைந்து தடவை சொன்னேன். "நெசமாவா?" என்றான். பாப்பா போனை வாங்கி, "ஆமாடா, டாக்டரே சொன்னாரு" என்றாள். அதன் பிறகுதான் அழுதான். அந்த அழுகையைக் கேட்டபோதுதான் எனக்கும் மூச்சு வந்தது.

இன்று சாயங்காலம் கருமந்துறை அம்மாவை மறுபடி கூப்பிட்டேன். குக்கர் வாங்கிவிட்டதாகச் சொன்னார். "வீட்ல வேற பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டேன். ஒரு பெண், இரண்டாம் வகுப்பு, பாட்டி வீட்டில் விடப் போகிறோம் என்றார். அவளிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "இருங்க" என்று சொல்லிவிட்டு, மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.