பச்சைக் கோடும் பழைய கேபிளும்

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. இனியாவது செய்தியைப் பெரிய திரையில் பார்க்கட்டும் என்று, பொங்கல் லீவில் பாளையங்கோட்டை போனபோது 43 இஞ்ச் 4கே டிவி ஒன்று வாங்கி மாட்டினேன். 2014இல் வாங்கிய முழு எச்டி டிவிக்காகச் சுவரில் கேசிங் அடித்து உள்ளே விட்டிருந்த, படத்தையும் ஒலியையும் பாக்ஸிலிருந்து டிவிக்குக் கொண்டுபோகும் 5 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளையே புது டிவியிலும் சொருகினோம். செட்டாப் பாக்ஸும் பழையதுதான், இரண்டு வருடம் முன்பு போட்ட ஆண்ட்ராய்டு பாக்ஸ்.

மூன்றாம் நாள் அப்பா சொன்னார்: "ஏல, படம் பொசுக்குனு போயிட்டுப் போயிட்டு வருது. மூஞ்சியெல்லாம் மெழுகு தடவினாப்ல இருக்கு."

கண் இன்னும் பழகவில்லை, அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் சொல்லலாம் என்றார் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அன்று ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து செய்தி பார்த்தேன். அரை மணி நேரத்தில் மூன்று முறை திரை முழுவதும் கறுத்து, இரண்டு வினாடி கழித்துத் திரும்ப வந்தது. குறை அவர் கண்ணில் இல்லை.

கடைக்குப் போன் செய்தால், "வோல்டேஜ் பிரச்சினை சார், ஸ்டெபிலைசர் போட்டுருங்க" என்றார்கள். டிவியின் பின்னால் ஒட்டியிருந்த லேபிளில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருந்தது. அதைவிட நல்ல சாட்சி ரிமோட்டில் கிடைத்தது. அடுத்த முறை திரை கறுத்ததும் வால்யூம் பட்டனை அழுத்தினேன். கறுப்புத் திரையின் ஓரத்தில் வால்யூம் பட்டை பளிச்சென்று வந்தது. மின்சாரம் விட்டுப்போயிருந்தால் டிவி அணைந்து, கம்பெனி லோகோவோடு முதலிலிருந்து எழும்பியிருக்கும். டிவி உயிரோடுதான் இருக்கிறது, அதற்கு வர வேண்டிய படம்தான் வரவில்லை என்பது அந்த ஒரு பட்டையில் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். பென் டிரைவில் ஒரு படத்தைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட விட்டேன், ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை. டிவியிலேயே இருக்கும் ஆப்பில், வைஃபையில் ஓட்டினேன், சரியாக ஓடியது. பாக்ஸை வேறு எச்டிஎம்ஐ போர்ட்டில் மாட்டினேன், மறுபடி கறுத்தது. அப்படியானால் பாக்ஸ், அல்லது கேபிள். எதிர்வீட்டு மதினியிடம் ஒன்றரை மீட்டர் கேபிள் ஒன்றை இரவல் வாங்கி, பாக்ஸை டிவிக்குக் கீழேயே ஒரு ஸ்டூலில் வைத்து இணைத்தேன். அன்று முழுவதும் ஒரு தடவைகூடப் படம் போகவில்லை.

பழைய டிவியில் வருடக்கணக்காக வேலை செய்த கேபிள் புதியதில் ஏன் மக்கர் செய்கிறது என்பதுதான் அப்பாவின் கேள்வி. நியாயமான கேள்வி. பழைய டிவிக்கு 1080 வரி படம் போதும், அதற்கு நொடிக்கு 4.5 கிகாபிட் அளவு தகவல்தான் கேபிளில் ஓட வேண்டும். புதிய டிவியைப் பார்த்ததும் பாக்ஸ் தானாகவே 4கே 60 ஃபிரேமுக்கு, அதாவது நொடிக்கு 60 படத்துக்கு மாறிக்கொண்டது, அதற்குக் கிட்டத்தட்ட 18 கிகாபிட் வேண்டும். எங்கள் கேபிளில் அச்சிட்டிருந்த 'ஹை ஸ்பீடு' ரகம் 10.2 கிகாபிட்டுக்குச் சோதிக்கப்படுவது. 5 மீட்டர் நீளத்தில், கேசிங்குக்குள் இரண்டு இடத்தில் மடங்கிக் கிடந்த அது முக்கி முக்கிப் பார்த்து, முடியாதபோது விட்டுவிடுகிறது. பாக்ஸின் செட்டிங்கில் அவுட்புட்டை 'ஆட்டோ'விலிருந்து 1080க்கு மாற்றி, பழைய கேபிளையே திரும்பப் போட்டும் பார்த்தேன். கறுப்பு வரவே இல்லை. காசு செலவழிக்கும் முன் இந்த ஒரு மாற்றத்தை எல்லோரும் செய்து பார்க்கலாம். பிறகு 18 கிகாபிட்டுக்குச் சான்று ஒட்டிய 2 மீட்டர் கேபிள் வாங்கி, பாக்ஸை டிவி பக்கத்திலேயே ஒரு சின்னப் பலகையில் வைத்துவிட்டோம்.

இன்னொரு குறையும் இருந்தது: செய்தியின் கீழே ஓடும் வரி பாதி வெட்டுப்பட்டது. அதற்குக் காரணமும் ஒரு செட்டிங்தான். பழைய குழாய் டிவிக் காலத்து வழக்கப்படி படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை மறைக்கிறார்கள். படத்தின் அளவு என்ற பகுதியில் 'ஸ்க்ரீன் ஃபிட்' என்பதைப் போட்டதும் முழு வரியும் தெரிந்தது. சில கம்பெனி டிவிகளில் இது 'ஜஸ்ட் ஸ்கேன்' என்றிருக்கும்.

மெழுகு முகத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. கடையில் வெளிச்சத்துக்கு நடுவே கண்ணைப் பறிக்க வேண்டும் என்பதற்காக டிவிகள் 'விவிட்' மோடில் ஓடும், எங்கள் வீட்டிலும் அதுவே இருந்தது. அதில் ஷார்ப்னஸ் ஏறியிருக்கும், புள்ளி இரைச்சலை அழிக்கும் வசதி முகத்தின் சுருக்கத்தையும் சேர்த்து அழிக்கும், நடுவில் இல்லாத ஃபிரேம்களைத் தானே உண்டாக்கிச் சொருகும் மோஷன் வசதியும் ஓடிக்கொண்டிருக்கும். சினிமா நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்படுவது. அதை இப்படி வழுவழுவென்று ஆக்கினால் பழைய கறுப்பு வெள்ளைப் படம்கூட நேற்று எடுத்த சீரியல் மாதிரி ஆகிவிடுகிறது. அப்பா ஆயுள் முழுக்கப் பார்த்த முகங்கள் அவை. மாறிப்போனது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? 'மூவி' மோடுக்கு மாற்றி, மோஷனை அணைத்து, ஷார்ப்னஸைக் குறைத்தேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "இப்பதான் மனுசன் மாரி இருக்கான்" என்றார்.

எச்டி அல்லாத சாதாரண எஸ்டி சேனல்களில் மட்டும் படம் இன்னும் கொஞ்சம் மங்கல்தான். அதை டிவியின் குறை என்று நான் சொல்ல மாட்டேன். எஸ்டி படம் அகலத்தில் 720, உயரத்தில் 576 புள்ளி. 4கே திரையோ 3840க்கு 2160. பெருக்கிப் பார்த்தால் சரியாக 20 மடங்கு. ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு 20 புள்ளிகளை நிரப்பச் சொன்னால் டிவி என்ன செய்யும்? அப்பா பார்க்கும் இரண்டு சேனல்களை மட்டும் எச்டிக்கு மாற்றிக்கொண்டோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சென்னைக்கு டிக்கெட் போட்டேன். வாங்கிய பதினோராம் நாள் காலை, திரையின் வலப்பக்கம், மேலிருந்து கீழ்வரை நூல் மாதிரி ஒரு பச்சைக் கோடு.

இந்த முறை எதைக் கழற்ற வேண்டும் என்று தெரிந்திருந்தது. எல்லா எச்டிஎம்ஐ கேபிளையும் உருவிவிட்டு டிவியை மட்டும் போட்டேன். கோடு இருந்தது. லோகோ வரும்போதும் இருந்தது. செட்டிங் மெனுவைத் திறந்தால் மெனுவின் எழுத்துகளை வெட்டிக்கொண்டு நின்றது. மெனு டிவிக்குள்ளேயே உருவாகும் படம். வெளியிலிருந்து வரும் சிக்னலில் குறை என்றால் மெனு சுத்தமாக இருக்க வேண்டும். ஆகவே குறை பேனலில், அதாவது படத்தைக் காட்டும் திரையிலேயே. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மின்சமிக்ஞை தருவது பேனலின் விளிம்பில் மெல்லிய ஃபிலிமில் ஒட்டியிருக்கும் டிரைவர் சிப். ஒட்டு ஓரிடத்தில் விட்டுப்போனால் அந்த வரிசையின் பச்சை மட்டும் அணையாமல் நின்றுவிடும்.

கம்பெனியில் புகார் பதிந்து, சாட்சிக்கு இவற்றை எடுத்து வைத்தேன்: மெனுவோடு கோடு தெரியும்படி ஒரு போட்டோ, கேபிள் எதுவும் இல்லாத பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை வெட்டாமல் ஒரே வீடியோ, வெள்ளைத் திரையில் நான்கு மூலையும் கிட்டத்தில் ஒவ்வொரு போட்டோ. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். 'நீங்கள் இடித்து உடைத்தது' என்று எழுதிவிட்டால் வாரண்டி கிடைக்காது. இடிபட்ட பேனலில் சிலந்தி வலை மாதிரி விரிசலோ மை கொட்டியது போன்ற கறையோ இருக்கும், எங்கள் டிவியில் அப்படி எதுவும் இல்லை என்பதற்கு அந்த போட்டோக்களே சாட்சி.

மூன்றாம் நாள் டெக்னீஷியன் வந்தார். சின்னப் பையன், களைப்பாக இருந்தான். திரையின் சட்டத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினான், கோடு மறைந்தது. "லூஸ் காண்டாக்ட் சார், சரியாயிட்டு. உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றான். அந்த ஓடிபியைச் சொன்னால் புகார் தீர்ந்ததாக மூடிவிடுவார்கள். "தம்பி, ஒரு டீ குடி, பத்து நிமிசம் பார்ப்போம்" என்றேன். டீ ஆறுவதற்குள் கோடு திரும்பி வந்தது. அவன் அதை மறுக்கவில்லை. நான் எடுத்த வீடியோவையும் வாங்கி, பேனல் ஃபால்ட் என்று எழுதி அனுப்பினான். ஓடிபியை நான் சொல்லவில்லை.

ஆறு நாள் பதில் இல்லை. பேனல் ஸ்டாக் இல்லை, காத்திருங்கள் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்து, பில் தேதி, சர்வீஸ் எண், டெக்னீஷியன் எழுதிய முடிவு எல்லாம் சொல்லிப் பதிவு செய்தேன். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தயாராக இருந்தேன். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போனால் போதும். அதற்கு வேலை வைக்கவில்லை. நாலாம் நாள் கம்பெனியிலிருந்தே அழைத்து, பேனலுக்குப் பதில் புது டிவியே தருவதாகச் சொன்னார்கள்.

புதியது வந்தபோது பெட்டி பிரிப்பதிலிருந்து வீடியோ எடுத்தோம். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஐந்து வெற்றுப் படங்களைப் பென் டிரைவில் போட்டு, ஒவ்வொன்றையும் முழுத் திரையில் நிறுத்தினேன். அப்பா திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, ஆபரேஷன் செய்த கண்ணால் இடமிருந்து வலமாக நிதானமாகப் பார்த்து வந்தார். ஒரு புள்ளிகூடச் சாகவில்லை. பெட்டியில் இருந்த சீரியல் எண்ணும் புது பில்லில் இருந்த எண்ணும் ஒன்றா என்று பார்த்து, வாரண்டியைப் புது எண்ணுக்கு மாற்றச் சொல்லி, அது மாறியதாக மெசேஜ் வந்த பிறகுதான் ஓடிபியைச் சொன்னேன்.

இப்போது கிரிக்கெட் வந்தால் மோஷனைப் போடுவதும், பழைய படம் வந்தால் அணைப்பதும் அப்பாவே செய்துகொள்கிறார். நேற்று போனில் பேசும்போது பின்னால் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஓடும் வரியை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.