கேபிள் நிரபராதி

இன்டர்நெட் வரவில்லை என்றால் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கேபிளைப் பிடுங்கிச் சொருகுவது. நேற்றும் அதேதான். ஃபோட்டோக்களைச் சேர்த்துவைக்கும் உபுண்டு (லினக்ஸ்) சர்வர் பெட்டிக்குள் ஒரு என்விஎம்இ டிஸ்க்கை (பிசிஐ பஸ்ஸில் சேரும் வேகமான டிஸ்க்) மாட்டி ஆன் செய்தார். திரையில் 'வெயிட் ஃபார் நெட்வொர்க் டு பி கான்ஃபிகர்ட்' என்று ஒரு வரி, ஓரத்தில் நொடி ஓடுகிறது. முழுசாக 2 நிமிடம் கழித்து லாகின் வந்தது, நெட் வரவில்லை.

சித்தப்பா கேபிளைப் பிடுங்கினார். சொருகினார். எதிர் முனையையும் விட்டுவைக்கவில்லை. அந்த கிளிப் இன்னும் உடையாமல் இருப்பதே அதிசயம். இத்தனைக்கும் போர்ட்டில் பச்சை விளக்கு ஜம்மென்று எரிகிறது. அது எரிந்தால் கேபிளும் சுவிட்சும் சரி, சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும்.

பெட்டிக்குள் இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' கட்டளையை அடித்தால் நெட்வொர்க் கார்டு தெரிகிறது, அடியிலேயே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்: ஆர்8169'. டிரைவரும் இருக்கிறது. அந்த வரி இல்லாவிட்டாலோ, கெர்னலின் பதிவேடான டிமெசேஜில் ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருள்) கிடைக்கவில்லை என்று புலம்பினாலோ கதை வேறு: நெட்டை வரவழைக்கும் பேக்கேஜை இறக்க நெட் வேண்டும்! அப்போது ஃபோனை யுஎஸ்பியில் மாட்டி டெதரிங் போடுங்கள், அதுவே ஒரு நெட்வொர்க் கார்டாக வந்து நிற்கும்.

இங்கே டிமெசேஜ் ஒரே வரியில் உண்மையைக் கக்கிவிட்டது: 'ஈஎன்பி4எஸ்0: ரீநேம்ட் ஃப்ரம் எத்0'. நெட்வொர்க் செட்டிங்கை எழுதிவைக்கும் நெட்பிளான் ஃபைலிலோ கார்டின் பெயர் ஈஎன்பி3எஸ்0. அந்த 3 என்பது பிசிஐ பஸ் எண், அதாவது கார்டு சேரும் பாதையின் எண். புது டிஸ்க் நடுவில் புகுந்து 3-ஐப் பிடித்துக்கொள்ள, கார்டு 4-க்குத் தள்ளப்பட்டுவிட்டது. சிஸ்டத்தைக் கிளப்பிவிடும் சிஸ்டம்டி பாவம், ஊரைவிட்டுப் போனவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு 120 நொடி வாசலில் நின்றிருக்கிறது.

ஃபைலில் 4 என்று மாற்றினால் இன்றைக்கு ஓடும். அடுத்து ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால் மறுபடி பஞ்சாயத்து. அதனால் 'ஐபி லிங்க்' கட்டளை காட்டும் மேக் முகவரியை (கார்டோடு வரும் அடையாள எண்) எடுத்து, 'மேட்ச்' என்பதற்குக் கீழே 'மேக்அட்ரஸ்' ஆகப் போட்டு, 'செட்-நேம்: லேன்0' என்று கட்டிப்போட்டாயிற்று. நெட்பிளான் ஃபைல் யாமெல் என்ற வடிவில் இருக்கும்; அதில் வரியைத் தள்ளி எழுத டேப் அடித்தால் மொத்தமாக முகத்தைத் திருப்பிக்கொள்ளும்; ஸ்பேஸ் மட்டும்தான்.

'நெட்பிளான் ட்ரை' கொடுத்ததும் 120 நொடிக் கவுன்ட்டவுன் தொடங்கியது. அதற்குள் என்டர் தட்டாவிட்டால் பழைய செட்டிங்குக்கே திரும்பிவிடும். எண் இறங்குவதைப் பார்த்ததும் சித்தப்பா பதறிக் கேபிளைப் பிடுங்கிவிட்டார். பிறகு கேபிளைச் சொருகி, என்டர் தட்டி, ஒரு ரீபூட், புதுப் பெயரோடு ஐபி வந்தது.

இனிமேல்தான் எரிச்சல். "2 நிமிடம் காக்கவைத்த அந்த வெயிட்-ஆன்லைன் சர்வீஸையே டிசேபிள் பண்ணிடு" என்று தம்பி பெரிய மனுஷன் மாதிரி யோசனை சொல்கிறான். பூட் வேகமாகும்தான். ஆனால் எஃப்எஸ்டேபில் (ஆன் ஆகும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியல்) என்எஃப்எஸ் மவுன்ட், அதாவது நெட் வழியே இணையும் வேறு கணினியின் ஃபோல்டர், ஒன்று இருக்கிறதே, நெட் வருமுன் அது ஓடினால் மவுன்ட் ஆகாது. அன்றிரவு பேக்கப் காலி ஃபோல்டருக்குள் போய் சிஸ்டம் குடியிருக்கும் ரூட் பார்ட்டிஷனை நிரப்பும். அதற்கும் கேபிளைத்தான் பிடுங்குவார்கள்.